மலைக்குப் புறப்பட்ட வண்டியில் எனக்கு ஓர் இடம்

மாலை போட்டு பாதி மண்டலம் போயிருக்கும். அப்போதுதான் தாடை வலிக்க ஆரம்பித்தது. பல் வலி என்று நினைத்தேன். அப்புறம் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதைப் போல வலி. தரையில் பாய் விரித்துப் படுக்கிறோமே, பனிப் பிடிப்பு என்று நினைத்தேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது. விரதத்தில் உடம்பு இளைத்துவிட்டது என்று நினைத்தேன். திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் வந்த வேர்வையில் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் பயமாக இருந்தது.

என் பெயர் கஸ்தூரி. ஊர் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. வயது ஐம்பத்து நான்கு. ஐயப்பனை நம்பி மாலை போடுகிற எல்லா சாமிகளுக்கும் இதைச் சொல்கிறேன். முக்கியமாக, ஐம்பதைத் தாண்டட்டும் என்று என்னைப் போலக் காத்திருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். பொம்பளை சமாச்சாரத்தை எல்லாம் வெளியில் சொல்கிறாளே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உயிர் பிழைத்து வந்தவளுக்கு அந்த வெட்கமெல்லாம் எதற்கு?

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பல வருஷம் முன்னால் வேலை செய்த இடத்தில் அவர் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. கையை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடி, "இவரு கையக் காப்பாத்திக் குடு ஐயப்பா, இருமுடி சுமந்து உன் படி ஏறி வரேன்" என்று வேண்டிக்கொண்டேன். கை தப்பியது. ஒரு விரல் மட்டும் மடங்காது. அந்தக் கையால்தான் இன்றைக்கும் சோறு பிசைந்து சாப்பிடுகிறார்.

அவர் அடுத்த வருஷமே மலைக்குப் போய்விட்டார். நான் போக முடியுமா? மாதவிலக்கு நின்று, வயதும் தாண்டிய பிறகுதான் பெண்கள் மலைக்குப் போவது எங்கள் பழக்கம். அதனால் காத்திருந்தேன். மற்றப் பெண்கள் இது நிற்கப் போகிறதே என்று கவலைப்படுவார்கள். நான் எப்போது நிற்கும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. இனி தடை இல்லை என்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். அந்தத் தடையோடு சேர்த்து என் உடம்புக்கு இருந்த ஒரு காவலும் போய்விட்டது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

கம்பெனியில் ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குக் கெட்ட கொழுப்பு அதிகம் என்றார் டாக்டர். தினமும் ஒன்று என்று கேப்சூல் எழுதிக் கொடுத்தார், நிறுத்தாமல் போட வேண்டும் என்றும் சொன்னார். நானும் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை முதல் நாள் குருசாமி கோதண்டம் எனக்கு மாலை போட்டார். ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முதல் வருஷம் மாலை போடுகிறவர்களை எங்கள் பக்கம் கன்னி என்று கூப்பிடுவார்கள். பேரன் எடுத்த பிறகு கன்னி ஆனவள் நான் ஒருத்திதான் என்று கம்பெனி பேக்கிங் லைனில் எல்லோரும் கேலி செய்தார்கள். வீட்டிலும் கூத்துதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "இந்தா" என்று கூப்பிட்ட மனுஷன் "சாமி, தண்ணி குடுங்க சாமி" என்றார். இந்த மரியாதைக்காகவே வருஷம் முழுக்க மாலையோடு இருக்கலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டு மோகனாவும் என்னோடு மாலை போட்டவள். ஒரு நாள் நான் கேப்சூலை வாயில் போடப் போனேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி, அதப் போடாதீங்க! அந்த கேப்சூலு மேல்தோல எலும்பக் காய்ச்சி செய்றானுங்களாம். போன்ல பாத்தேன். விரதத்துல இருந்துக்கினு அத முழுங்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் விரதத்தில் எலும்பைத் தின்றேனா என்று வாயைக் கொப்பளித்தேன். குளித்துவிட்டு வந்து ஐயப்பன் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். மாலை கழற்றுகிற வரைக்கும் வேண்டாம் என்று அந்த அட்டையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கடவுள் விஷயத்தை டாக்டரிடம் போய் எப்படிக் கேட்பது என்றுதான் இருந்தது.

விரதம் என்றால் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைப்போம். கவுச்சி இல்லை, உண்மைதான். ஆனால் தினம் ஒரு வீட்டில் பஜனை. பஜனை முடிந்ததும் நெய் சொட்டச் சொட்ட சர்க்கரைப் பொங்கல், எண்ணெய் வடியும் மெதுவடை. பிரசாதத்தை வேண்டாமென்று சொல்லலாமா? தொன்னையை வழித்துச் சாப்பிட்டேன். ஒரு பக்கம் மாத்திரை நின்றது, மறு பக்கம் நெய் ஏறியது.

அதற்கப்புறம்தான் அந்தத் தாடை வலி.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒரு காலையில் பாதிப் படியில் நின்றுவிட்டேன். கால் எழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கிறது. பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவதைப் போல நின்றேன். தேடினேன், தேடினேன், மூச்சு வருகிற வரைக்கும் தேடினேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டுக்காரருக்கு மட்டும் வந்தது. "இன்னா சாமி, மூஞ்சி வெளுத்துக்கினு கெடக்குது? டாக்டராண்ட போலாமா?"

"பனி சாமி. குளிர்ந்த தண்ணியில குளிக்கிறேன் இல்ல."

டாக்டரிடம் போனால் மலைக்குப் போகாதே என்பார். மாலையைப் பாதியில் கழற்ற வேண்டி வரும். கையைக் காப்பாற்றிக் கொடுத்தவனிடம் போய், என்னால் வர முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? தினமும் விடியற்காலையில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இன்னா ஆனாலும் அந்த வண்டியில நான் ஏறிடணும்பா. மத்தத நீ பாத்துக்கோ." வேறு எதையும் கேட்கவில்லை.

இருமுடி கட்டும் நாள் வந்தது. தெருக்கோடியில் பந்தல். வாசலில் மலைக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. முன்கண்ணாடிக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் புறப்பட வேண்டும். அன்று காலையிலிருந்தே இடது கை கனத்துக்கொண்டிருந்தது. கம்பெனியில் பெட்டி தூக்கிய வலி என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருமுடியில் இரண்டு பை உண்டு. முன்பக்கத்துப் பையில் சாமிக்கானது, பின்பக்கத்துப் பையில் வழியில் நமக்கு வேண்டியது. முன்முடியில் வைக்கிற தேங்காயின் கண்ணைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, சரணம் சொல்லி நம் கையாலேயே நெய் ஊற்ற வேண்டும். அந்த நெய்தான் மலையில் அபிஷேகத்துக்கு.

எனக்கு முன்னால் பாதிப் பேருக்குக் கட்டி முடித்து, தலையில் ஏற்றியாகிவிட்டது. என் முறை வந்து குருசாமி எதிரில் உட்கார்ந்தேன். இடது கையில் தேங்காய், வலது கையில் நெய்க் கிண்ணம். மார்கழிக் குளிரில் நெய் உறைந்து தேங்காய்க் கண்ணில் இறங்காமல் நின்றது. "உருக்கி ஊத்துங்க சாமி, அடைச்சிக்கினு நிக்குது பாருங்க" என்றார் குருசாமி. யாரோ சூடான நெய்யைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். சரணம் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் இடது கை என்னுடையதாகவே இல்லை. தேங்காய் நழுவி நெய்ப் பாத்திரத்தின் விளிம்பில் பட்டு உடைந்தது.

மேளம்கூட நின்றது. கோலத்தின் மேல் நெய் ஓடுகிறது.

"விரதத்துல இன்னாவோ குத்தம் நடந்துருக்குது" என்று பின்னால் ஒரு குரல். "மலைக்கு ஏத்தாதீங்க சாமி" என்று இன்னொரு குரல்.

எனக்கு அப்போது வலியைவிட அந்தக் குரல்தான் குத்தியது. இத்தனை வருஷம் காத்திருந்தேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். நீ வராதே என்று ஐயப்பனே தட்டிவிட்டான் என்று நினைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அநாதையாக நான் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

குருசாமி உடைந்த தேங்காயைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மரத்துப்போச்சாம்மா?" என்றார். சாமி என்று சொல்லவில்லை, அம்மா என்றார்.

தலையை ஆட்டினேன்.

"முதுகு வலிக்குதா? எத்தினி நாளா?"

மோகனாதான் அழுதுகொண்டே சொன்னாள். "ரொம்ப நாளா வேர்த்துக்கினு, மூச்சு வாங்கிக்கினு இருக்குது சாமி. கேட்டா பனின்னு சொல்லும்."

குருசாமி சட்டென்று எழுந்தார். "எங்க ஊட்டுல அவளும் இப்படித்தான் வேர்த்துக்கினு உக்காந்தா. வாயுன்னு சொன்னா. நானும் சோடா வாங்கியாந்து குடுத்துட்டு ட்யூட்டிக்குப் போய்ட்டேன். வந்து பாத்தா உசுரு இல்ல." குற்றம் என்று குரல் வந்த பக்கம் திரும்பினார். "குத்தமாவது ஒண்ணாவது! தூக்குங்க இவங்கள!"

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். ஹைவேயில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை. பந்தலுக்காக வழியை அடைத்து வைத்திருந்தோம்.

"வண்டி நிக்குதே" என்றார் குருசாமி.

"எல்லாருக்கும் இருமுடி கட்டி முடியல சாமி. அதுக்குள்ள வண்டிய எடுக்கக் கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். எடுறா வண்டிய!"

என் வீட்டுக்காரர் தலையில் ஏற்கெனவே இருமுடி இருந்தது. ஏற்றிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் திரும்பினார். ஒரு கையால் இருமுடியைப் பிடித்துக்கொண்டு, அந்த மடங்காத விரல் உள்ள கையை என் கக்கத்தில் கொடுத்துத் தூக்கினார். நாலைந்து சாமிகள் சேர்ந்து என்னை பஸ்ஸில் ஏற்றினார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வேன்? சீட்டில் என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் கறுப்பு வேட்டிகள். தலையில் இருமுடியோடு ஆடி ஆடி நிற்கிறார்கள். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போல இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. தச்சூர் கூட்டுரோட்டில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். அங்கே கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றிருந்தன. டிரைவர் ஹாரனை விட்டு கையை எடுக்கவில்லை. ஒன்றும் நகரவில்லை. என் வீட்டுக்காரர் என் காதில், "கஸ்தூரி, கண்ண மூடாத, கஸ்தூரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாமி என்பது அவருக்கு மறந்து போயிருந்தது.

சாமிகள் பஸ்ஸிலிருந்து குதித்தார்கள். இருமுடியோடு லாரிகளுக்கு நடுவில் ஓடி, சரணம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு லாரியையும் தட்டி ஒதுக்கினார்கள். அந்தச் சரணத்தைக் கேட்டுக்கொண்டே நான் கேட்டேன். படியைக் கேட்கவில்லை. மலையைக் கேட்கவில்லை. "அடுத்த மூச்சு குடு ஐயப்பா" என்று மட்டும் கேட்டேன். வந்தது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் வந்தது. அப்படித்தான் பொன்னேரி வரைக்கும் போனேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்க மாலையைக் கழற்றச் சொன்னார் நர்ஸ். நான் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நிலைமையிலும் விடவில்லை, பாருங்கள் என் பிடிவாதத்தை. குருசாமி பக்கத்தில் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"நான் போட்ட மாலைம்மா, நானே கழட்டறேன். அவன் கணக்குல நீ எப்பவோ படி ஏறிட்ட. உடும்மா."

விட்டேன்.

டாக்டரம்மா ஈசிஜியைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு மாத்திரையைக் கடித்து மென்று முழுங்கச் சொன்னார். ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கை வழியாக உள்ளே போய், அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் திறந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இருமுடியைக் குருசாமி வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாராம். நேரத்துக்குப் பொன்னேரிக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தேன் என்றார் அங்கிருந்த டாக்டர். அங்கே எதில் போனீர்கள் என்று கேட்டார். மலைக்குப் போகிற வண்டியில் போனேன் என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் தினமும் எதைக் கேட்டேன்? இன்னா ஆனாலும் அந்த வண்டியில நான் ஏறிடணும்பா. ஏற்றிவிட்டான். மத்தத நீ பாத்துக்கோ என்றேன். பார்த்துக்கொண்டான். தேங்காயை அவன் தட்டிவிட்டது என்னை விரட்டுவதற்கு இல்லை. பந்தலில் என் கை கனக்காமல் இருந்திருந்தால், ஏற்றத்தில் பாதி மலையில் அல்லவா கனத்திருக்கும்? அப்படியே குப்புறப் படுத்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். வலியில்லை.

கேப்சூல் கதையைச் சொன்னபோது டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சாதா மாத்திரையாவே எழுதிக் கொடுத்திருப்பாங்களேம்மா! இதுக்கா நிறுத்தினீங்க?" அப்புறம் கோபம் தணிந்து உட்கார்ந்து சொன்னார். "மாதவிலக்கு இருக்கிற வரைக்கும் உடம்புல சுரக்கிற ஹார்மோன், ரத்தக் குழாய்க்கு ஓரளவு பாதுகாப்பா இருக்கும். நின்னப்புறம் அது குறைஞ்சிடும், கெட்ட கொழுப்பு ஏறும். பொண்ணுங்களுக்கு எப்பவும் நெஞ்சு வலியாத்தான் வரும்னு இல்ல. தாடை, முதுகு, மூச்சு, வேர்வை, குமட்டல், அசதி, இப்படியும் வரும். நீங்க எல்லாத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க."

குருசாமி என் பெயரில் வேறொரு தேங்காயில் நெய் நிரப்பிக் கொண்டுபோய் அபிஷேகம் செய்து, பிரசாத நெய்யைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிடலாமா என்று பயந்து பயந்து டாக்டரிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்! அவர் சிரித்துவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள், மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தேன்.

இப்போது நான் வேறு ஆள். வடையைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஷிஃப்ட் முடிந்து நானும் மோகனாவும் ஏரிக்கரையில் நடக்கிறோம். அவளையும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தேன். அவளுக்கும் கொழுப்பு ஏறித்தான் இருந்தது. எனக்குச் சொன்ன குற்றத்துக்குத் தண்டனையாக அவள் இப்போது போனில் எதைப் பார்த்தாலும் முதலில் டாக்டரிடம்தான் கேட்கிறாள். குருசாமியும் ஒரு புது வழக்கம் வைத்துவிட்டார். ஐம்பது தாண்டிய பெண்கள் யார் மாலை கேட்டு வந்தாலும், "ரத்தம் பாத்தியாம்மா? ஈசிஜி எடுத்தியா?" என்றுதான் முதலில் கேட்பார். பார்க்காதவர்களுக்கு மாலை கிடையாது.

அம்மா, உங்களுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டதா? சந்தோஷப்படுங்கள், மலை உங்களுக்காகத் திறந்திருக்கிறது. ஆனால் மாலை போடும் முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பனி என்று சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்தும் முன் கேளுங்கள். அவனை நம்புங்கள், முழுசாக நம்புங்கள். நம்புகிறவள் வலியை அவனிடமும் மறைக்க வேண்டாம், வீட்டிலும் மறைக்க வேண்டாம். அவன் யார் கையால் உதவி அனுப்புவான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கார்த்திகையில் டாக்டர் எல்லா சோதனையும் செய்து பார்த்து, மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம் என்று அனுமதி கொடுத்தார். மறுபடியும் மாலை போட்டேன். அதே பந்தல், அதே பஸ். குருசாமி எதிரில் உட்கார்ந்து, உருக்கிய நெய்யை ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. தேங்காயை முன்முடியில் வைத்துக் கட்டினார்.

"பின்முடியில இன்னாம்மா வெக்கிறது?" என்று கேட்டார். எனக்கு வழியில் வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் அவல், ஒரு துண்டு, நாள் தவறாமல் போடுகிற என் மாத்திரை அட்டை. அவர் அதைக் கண்ணில் ஒற்றி உள்ளே வைத்துக் கட்டினார்.

இருமுடியைத் தலையில் ஏற்றி பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். தச்சூர் கூட்டுரோடு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி இந்தத் தடவை பொன்னேரிப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போனது.